நாலடித் தண்ணீரில் அடித்த புயல்: ஈரி கால்வாய்க் கதைகள் – கேள்வி பதில்

அமெரிக்காவின் ஈரி கால்வாய் ஒரு வணிகப் பாதை என்றுதான் படித்திருக்கிறேன். அதற்கு இலக்கியத்தில் என்ன வேலை?

அந்தக் கால்வாய்க்கான யோசனை பரவியதில் எழுத்துக்கும் பங்கு உண்டு. ஜெஸ்ஸி ஹாலி என்ற மாவு வியாபாரி கடனைக் கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். அங்கிருந்தபடியே 1807, 1808 வாக்கில் ‘ஹெர்குலிஸ்’ என்ற புனைபெயரில் பத்திரிகைக்குத் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஹட்சன் ஆற்றிலிருந்து ஈரி ஏரி வரை கால்வாய் வெட்ட வேண்டும் என்பதுதான் அவர் வாதம். 1817 ஜூலை 4 அன்று நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊரில் மண்வெட்டி விழுந்தது. 1825 அக்டோபரில் வேலை முடிந்தது. நீளம் 363 மைல். வழியில் 83 லாக்குகள். படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, நீர்மட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் தொட்டிகள் அவை.

நீங்கள் மனத்தில் வைக்க வேண்டிய எண் வேறு. தண்ணீரின் ஆழம் 4 அடி. படகைக் குதிரையோ கோவேறு கழுதையோ கரையில் நடந்து கயிற்றால் இழுக்கும். மணிக்கு நாலு மைல் போனால் அது வேகப் படகு. அப்படிப் போகிறவனுக்குப் பேச்சைத் தவிர வேறு பொழுதுபோக்கு ஏது? கால்வாய்க் கதைகளின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

கால்வாயில் புயல் வந்து படகு தத்தளித்ததாகப் பாட்டெல்லாம் இருக்கிறதாமே. உண்மையா?

பாட்டுகள் இருப்பது உண்மை. புயல் அண்டப்புளுகு. பொங்கும் அலை, காணாமல் போன கரை, குறைந்துகொண்டே வரும் சாராயம் என்று மாலுமிப் பாட்டின் சாமான்கள் எல்லாம் அவற்றில் உண்டு. இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் மேலே வரும் தண்ணீரில் இதை நடத்திக் காட்டுவதில்தான் சுவை. கடலோடிகள் இவர்களைச் சேற்றுப் படகோட்டிகள் என்று இளக்காரமாகப் பார்த்தார்கள். அதற்குப் பதிலடியாகவே இந்தப் பாட்டுகளை நான் கேட்கிறேன்.

மார்க் ட்வைன் இந்த மரபை நன்றாக அறிந்தவர். 1872இல் வந்த ‘ரஃபிங் இட்’ நூலில் ஒரு நீண்ட கதைப்பாட்டு வைத்திருக்கிறார். ஈரி கால்வாயில் புயல். பாரம் குறைக்க ஆணிப் பீப்பாயையும் பட்டறைக் கல்லையும் பசையையும் தூக்கி எறிகிறார்கள். பயணிகள் அலறுகிறார்கள். கிழட்டு மாலுமி டாலிஞ்சர் மட்டும் அசையாமல் தைரியம் சொல்கிறான். கடைசியில் ஒரு விவசாயி பலகை ஒன்றைக் கொண்டுவந்து படகுக்கும் கரைக்கும் இடையில் போடுகிறார். எல்லோரும் நடந்து இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பலகைக்காகவே முழுப் பாட்டையும் படிக்கலாம்.

‘மோபி டிக்’ கடல் நாவல். அதில் கால்வாய் எங்கே வருகிறது?

54ஆம் அத்தியாயம், ‘டவுன்-ஹோ’ என்ற கப்பலின் கதை. நாவலின் கதைசொல்லி இஷ்மயேல் லிமா நகரத்து விடுதி ஒன்றில் ஸ்பானிய நண்பர்களுக்கு ஒரு கலகக் கதை சொல்கிறான். நடுவில் ‘கால்வாய்க்காரர்கள்’ என்ற சொல் வந்ததும் ஒருவர் மறித்து, யார் அவர்கள் என்று கேட்கிறார். கதை நிற்கிறது, ஈரி கால்வாய் ஓடத் தொடங்குகிறது. ஊர்களையும் சதுப்பு நிலங்களையும் தேவாலயங்களையும் ஒட்டியே, வெனிஸ் நகரத்தைப் போலச் சீர்கெட்ட ஒரு வாழ்க்கை 360 மைலுக்கு ஓடுகிறது என்கிறான். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் உள்ள முரடர்கள் பலர் அந்தப் பள்ளியில் தேறி வந்தவர்களாம். அதே மூச்சில், தனக்கு ஒரு கால்வாய்க்காரன் உதவியதையும் நன்றியோடு சொல்கிறான். பணக்காரனைக் கொள்ளையடிக்கும் அதே கைதான் இடரில் மாட்டிய ஏழை அந்நியனைத் தாங்கிப் பிடிக்கிறது. கால்வாய் மனிதர்களைப் பற்றி இதைவிட நியாயமான வரி நான் படித்ததில்லை.

‘மோபி டிக்’கை எழுதிய மெல்வில் 1839இல், நில அளவை படித்துவிட்டு, இதே கால்வாயில் பொறியாளர் வேலைக்கு முயன்றார். கிடைக்கவில்லை. 1841 தொடக்கத்தில் திமிங்கிலக் கப்பலில் ஏறினார்.

அமெரிக்க எழுத்தாளர் ஹாதோர்ன்கூட இந்தக் கால்வாயைப் பற்றி எழுதியிருக்கிறாரா?

1835இல் ஒரு சிறு பயணச் சித்திரம். ஆசையோடு ஏறி, சலித்துப்போகிறார். நள்ளிரவில் இழுவைக் கயிறு எதிலோ சிக்கிப் படகு நிற்கிறது. இருட்டில் ஒளிரும் பட்டமரம் ஒன்றைப் பார்க்க இறங்குகிறார். படகு அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

கழுதை ஓட்டியவர்கள் சிறுவர்கள் என்கிறார்களே?

ஆமாம், பெரும்பாலும் சிறுவர்கள். ‘ஹாகி’ என்று பெயர். ஆறு மணி நேரம் நடை, ஆறு மணி நேரம் ஓய்வு. மழையானாலும் இரவானாலும் அதுதான் முறை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் கார்ஃபீல்டு 1848இல் பதினாறு வயதில் ஓஹியோ கால்வாயில் சில வாரம் இந்த வேலை பார்த்தார். அடிக்கடி தண்ணீரில் விழுந்தார், காய்ச்சலோடு வீடு திரும்பினார். 1881இல் ஹொரேஷியோ ஆல்ஜர் அதை ‘கால்வாய்ச் சிறுவன் அதிபரான கதை’யாக எழுதினார். உழைத்தால் உயரலாம் என்பதற்கு அது உதாரணமாகிவிட்டது. அதிபராகாத ஹாகிகள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்களுக்கு யாரும் வரலாறு எழுதவில்லை. அந்தப் புத்தகத்தை என்னால் மகிழ்ச்சியோடு படிக்க முடியவில்லை.

‘பாலம் தாழ்வு, குனியுங்கள்’ என்ற பாட்டு படகோட்டிகளின் நாட்டுப்பாடலா?

இல்லை. தாமஸ் ஆலன் என்ற தொழில்முறைப் பாடலாசிரியர் 1905 வாக்கில் எழுதியது. கழுதைகளின் காலம் அப்போது முடிந்துகொண்டிருந்தது. முதலில் பாட்டில் இருந்தது ‘பதினைந்து ஆண்டுகள்’. சால் என்ற கழுதையோடு அத்தனை ஆண்டு உழைத்தவனின் பிரிவுப் பாட்டு. வாய்மாறிப் போகப் போக ‘பதினைந்து மைல்’ ஆயிற்று. தூரம் வந்து காலத்தை விழுங்கிவிட்டது எனக்கு வருத்தம்தான். பாலம் தாழ்வாக இருந்தது மட்டும் மெய். கால்வாய் வயல்களைப் பிளந்துகொண்டு போனதால், விவசாயிகள் கடக்கக் குறைந்த செலவில் ஏராளமாகப் பாலம் கட்டினார்கள். படகுக் கூரையில் உட்கார்ந்தவர் குனியத்தான் வேண்டும்.

எங்கே தொடங்கலாம்?

நாவல் வேண்டுமென்றால் வால்டர் எட்மண்ட்ஸ் 1929இல் எழுதிய ‘ரோம் ஹால்’. பண்ணையிலிருந்து வந்து படகில் சேரும் டான் ஹாரோ, படகில் சமைக்கும் மோலி, எதிரே வந்துகொண்டிருக்கும் ரயில். நேரமில்லை என்றால் ‘மோபி டிக்’கின் அந்த ஓர் அத்தியாயம் மட்டும். வாய்விட்டுப் படியுங்கள், விடுதியில் உட்கார்ந்து சொல்கிற கதை அது.