அடுத்த நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பிய வானொலிகள், இசைப்பதிவு செய்யும் ஒலிப்பொறியாளர்களை வேறு நாட்டு நிலையங்களுக்குக் கொஞ்ச நாள் அனுப்பிவைப்பதுண்டு என்று சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். மைக்கும் மிக்ஸரும் எங்கும் ஒன்றுதானே? இதற்கு எதற்கு விமான டிக்கெட்? – வாசகர், ஈரோடு

பதில்: மைக் ஒன்றேதான், சந்தேகமில்லை. பெர்லினில் இருக்கும் நாய்மன் கம்பெனி மைக் பாரிஸிலும் இருக்கும். ஆனால் அதை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதில் ஒவ்வொரு வானொலிக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்டீரியோவுக்காக இரண்டு மைக்கை ஜோடியாக வைக்கும் முறைகளின் பெயர்களைப் பாருங்கள்: ஓஆர்டிஎஃப், என்ஓஎஸ், ஆர்ஏஐ. மூன்றுமே ஒலிபரப்பு நிறுவனங்களின் பெயர்கள்தான், முறையே பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு மைக்குக்கும் நடுவே 17 செ.மீ. விட்டு, 110 டிகிரி விரித்து வைத்தார்கள்; டச்சுக்காரர்கள் 30 செ.மீ., 90 டிகிரி என்றார்கள். இத்தாலிக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில், 21 செ.மீ., 100 டிகிரி. இடைவெளி கூடக்கூட ஒலி இரண்டு மைக்குக்கும் வந்துசேரும் நேர வித்தியாசமும் கூடும், கேட்கும்போது ஒரு விசாலம் கிடைக்கும், ஆனால் இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவில் கேட்டால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். பெரும்பாலான வீடுகளில் மோனோ ரேடியோ இருந்த காலத்தில் அது தலைபோகிற விஷயம். டென்மார்க் வானொலியில் ஹோல்கர் லாரிட்சன் 1950களில் எடுத்துக்கொண்ட வழியோ வேறு: ஒரு மைக் நேராகப் பார்க்கும், இன்னொன்று பக்கவாட்டில் மட்டும் கேட்கும், மோனோவுக்குப் போனால் பக்கவாட்டு மைக் தானாகவே கழிந்துவிடும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, சரி. ஆனால் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது அந்த ஊர்க்காரர் விறுவிறுவென்று அரங்குக்குள் போய் மைக் ஸ்டாண்டை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துவிட்டு வருகிறாரே, அது ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் கேட்க முடியும். டிக்கெட் அதற்குத்தான்.

கேள்வி: ஒலிப்பதிவு படிக்கும் என் மகன் ‘டோன்மைஸ்டர்’ என்று அடிக்கடி சொல்கிறான். அவர் இன்ஜினியரா, இசைக்கலைஞரா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும்தான் அம்மா. இசையும் தொழில்நுட்பமும் ஒருசேரப் படித்த ஒலிப்பதிவாளர் அவர். ஜெர்மனியில் டெட்மோல்ட் என்ற சிற்றூரின் இசைக்கல்லூரியில் 1949இல் எரிக் தீன்ஹவுஸ் என்பவர் இந்தப் படிப்பைத் தொடங்கினார். வாத்தியமும் வாசிக்கத் தெரிய வேண்டும், ஒலியியலும் மின்னணுவியலும் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகம் 1970இலிருந்து அதே பெயரில் ஒரு படிப்பை நடத்துகிறது, நடுவில் ஒரு வருடம் வெளியே வேலைப்பயிற்சிக்கும் அனுப்புகிறார்கள்.

வருகைப் பரிமாற்றங்களில் கிடைக்கிற பெரிய பாடம் இங்கேதான் இருக்கிறது என்பேன், மைக்கில்கூட இல்லை. ஜெர்மன் வானொலிகளின் வழக்கத்தில் டோன்மைஸ்டர் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பை, விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரமாகக் கேட்பார், ‘நாற்பதாவது பாரில் (தாளப் பகுதியில்) ஹார்ன் பிந்துகிறது, அங்கிருந்து மறுபடி’ என்று அரங்குக்குச் சொல்வார். ஒலியளவைக் கூட்டிக்குறைக்கும் ஃபேடர்களில் கை வைப்பவர் இன்னொருவர். ரேடியோ பிரான்ஸில் ஸ்கோர் பார்க்கிறவரின் பதவிப் பெயரிலேயே ‘இசைக்கலைஞர்’ என்பது சேர்ந்து வரும். பிபிசியிலோ பேலன்ஸ் செய்கிறவருக்கு, அதாவது வாத்தியங்களின் ஒலியளவுகளைச் சமன்செய்கிறவருக்கு, ஸ்டூடியோ மேனேஜர் என்று பெயர், இசை சம்பந்தமான கடைசி வார்த்தை தயாரிப்பாளருடையது. ஒரு நிலையத்தில் பழகினவர் இன்னொரு நிலையத்துக்குப் போனால் முதல் நாள் யாரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். எனக்கு ஜெர்மன் வழி கொஞ்சம் ஆள் அதிகமாகத்தான் படுகிறது, ஆனாலும் கேட்பதற்கென்றே ஒருவர் தனியாக இருந்தால் தப்பு நழுவாது என்பதை மறுக்க முடியவில்லை.

கேள்வி: விருந்தாளியைக் கன்சோலை (மிக்ஸர் மேசையை) தொட விடுவார்களா? – வாசகர், மதுரை

பதில்: நேரலையில் விடமாட்டார்கள். விடவும் கூடாது.

விவரம் தெரிந்தவர் தொட ஆசைப்படமாட்டார், ஒரே ஒரு கச்சேரியை ஒத்திகையிலிருந்து ஒலிபரப்பு முடியும்வரை முழுசாகப் பார்க்க அனுமதி கேட்பார். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நடந்துவந்த குவீன்ஸ் ஹால் 1941இல் குண்டுவீச்சில் அழிந்ததால் ‘ப்ராம்ஸ்’ (Proms) என்ற கோடைக்கால இசைவிழா அங்கே குடிபெயர்ந்தது, பிபிசி ரேடியோ 3 அந்தக் கச்சேரிகளை நேரலையாகத் தருகிறது. பெரிய வட்டக் கூரை, எதிரொலிக்குப் பேர்போன இடம்; 1969இல் கூரையிலிருந்து காளான் மாதிரி ஃபைபர்கிளாஸ் தட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அது அடங்கியது. காலையில் காலி அரங்கில் ஒத்திகை, சாயங்காலம் ஆயிரக்கணக்கில் ஆட்கள். மனித உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் காலையில் பார்த்துப்பார்த்து வைத்த பேலன்ஸ் மாலையில் வேறாகிவிடும், எவ்வளவு மாறும் என்பதை அங்கே வருடக்கணக்காக உட்கார்ந்தவர் ஒத்திகையிலேயே கணக்குப்போட்டு வைத்திருப்பார். காலையில் மட்டும் எட்டிப்பார்த்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறவருக்கு இதில் பாதிகூடப் பிடிபடாது.

கேள்வி: ஒரு நாட்டுப் பதிவை இன்னொரு நாட்டில் ஒலிபரப்பினால் சத்தம் கூடிக்குறையாதா? – வாசகர், சேலம்

பதில்: ஒரு காலத்தில் பெரிய தொல்லைதான். ஒலியளவு காட்டும் பிபிசி மீட்டரில் 1 முதல் 7 வரை எண்கள்தான் இருக்கும், ஜெர்மன் மீட்டரில் டெசிபல் இருக்கும், இரண்டு முள்ளும் ஒரே வேகத்தில் ஆடுவதும் இல்லை. 1950இல் தொடங்கிய ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் உறுப்பினர்கள் கச்சேரிகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதால் நிகழ்ச்சிக்கு முன் ஒரு டோன், அதாவது ஒரே சீரான ஒலி, அனுப்பி அளவைச் சரிபார்ப்பார்கள். அந்த டோனில் மூன்று விநாடிக்கு ஒருமுறை இடது சேனல் மட்டும் சட்டென்று அறுபடும், எது இடது என்று குழம்பாமல் இருப்பதற்காக. 2010இல் அந்த ஒன்றியத்தின் ஆர்128 என்ற பரிந்துரை வந்தது. அதன்படி சராசரி சத்தம் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). சராசரி சரி, ஆனால் வயலின்கள் கிசுகிசுக்கிற இடம் காரில் கேட்கிறவருக்கு எட்டுமா, எட்டுவதற்காக அதை எவ்வளவு தூக்கலாம் என்று எந்த எண்ணும் சொல்வதில்லை. அதில் ஊருக்கு ஊர் கை வேறு.

கேள்வி: செலவு யாருடையது? – வாசகர், கடலூர்

பதில்: நிலையங்களே பேசிக்கொண்டு ஏற்பதுண்டு. தொழிற்பயிற்சிக்காக வெளிநாடு போவோருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு லியொனார்டோ டா வின்சி என்று ஒரு திட்டம் இருந்தது, 2014 முதல் அது எராஸ்மஸ் பிளஸ் என்ற திட்டத்தில் அடக்கம்.

கேள்வி: நம் ஆகாசவாணிக்காரர்களுக்கு இப்படி வழி உண்டா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆசிய–பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 1964இலிருந்து இருக்கிறது, தலைமையகம் கோலாலம்பூர், பிரசார் பாரதி அதில் உறுப்பினர். ஒலிபரப்புப் பயிற்சிக்கென்றே ஏஐபிடி என்ற அமைப்பும் அதே ஊரில் இருக்கிறது. ஆனால் நான் ஆசைப்படுவது எதிர்த்திசையில்: ஒரு டோன்மைஸ்டர் இங்கே வந்து கர்நாடகக் கச்சேரிப் பதிவில் உட்கார வேண்டும். ஸ்கோர் கிடையாது, கண்டக்டர் கிடையாது, கல்பனாஸ்வரம் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டித் தெரியாது, மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் பேசும், தம்புரா கேட்கவும் வேண்டும், மேலே ஏறவும் கூடாது. நம்மவர்கள் இதையெல்லாம் காதை வைத்தே சமாளிக்கிறார்கள்.

கேள்வி: அடுத்த மாதம் நானே ஒரு நிலையத்துக்குப் போகிறேன். என்ன எடுத்துப்போகலாம்? – வாசகர், கோவை

பதில்: பழகின ஹெட்போன். அப்புறம் நீங்களே செய்த ஒரு பதிவு. போனதும் அவர்களுடைய ஸ்பீக்கரில் அதைப் போட்டுக் கேட்டுவிடுங்கள், அந்த அறை எதைக் கூட்டிக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று தெரிந்துவிடும், கேட்கிற அந்த ஊர்க்காரருக்கும் உங்களோடு பேச ஒரு விஷயம் கிடைக்கும். ஒத்திகை நாளின் ஸ்கோர் எது என்று முன்கூட்டியே கேட்டு ஒருமுறையாவது புரட்டிவிடுங்கள். படம் எடுப்பதானால் இசைக்குழுவின் அனுமதி தனியாக வேண்டியிருக்கலாம், அதையும் கேளுங்கள்.