ரோட்டுச் சத்தம் உடம்புக்குப் பழகுமா?

கேள்வி: மதுரை பைபாஸ் சாலையைப் பார்த்த முதல் மாடி வீட்டில் 11 வருடங்களாக இருக்கிறோம். ராத்திரி முழுக்க லாரியும் ஆம்னி பஸ்ஸும் ஓடுகின்றன. என் கணவருக்கு 52 வயது. போன வருடம் பிபி வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், முன்னறையில் படித்தால் மனதில் நிற்கவில்லை என்கிறாள். "அதெல்லாம் பழகிவிடும்" என்கிறார் மாமியார். சத்தத்துக்கும் பிபிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பாதி உண்மை. மனம் பழகிவிடும். சில மாதங்களில் லாரிச் சத்தம் காதில் விழுவதே தெரியாமல் போகும். ஆனால் உடம்பு பழகுவதில்லை. தூங்கும்போதும் காது மூடிக்கொள்வதில்லை. ஒவ்வொரு ஹாரனையும் மூளை 'ஆபத்தோ' என்று எடை போடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நாடி துள்ளுகிறது, ரத்தக் குழாய் சுருங்குகிறது. ஆள் விழித்திருக்க மாட்டார். காலையில் "நன்றாகத்தான் தூங்கினேன்" என்பார். ஆழ்ந்த தூக்கம் மட்டும் துண்டு துண்டாகியிருக்கும்.

பிபிக்கான தொடர்பு இங்கேதான் இருக்கிறது. ஆரோக்கியமான உடம்பில் இரவில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அதுதான் ஓய்வு. சத்தம் அந்த இறக்கத்தைத் தடுக்கிறது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், பகல், மாலை, இரவு மூன்றையும் சேர்த்த சாலை இரைச்சலின் சராசரி 53 டெசிபலைத் தாண்டிய பின், ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் மாரடைப்பு போன்ற இதய நோய்க்கான வாய்ப்பு சுமார் 8 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது.

அதற்காக, உங்கள் கணவரின் பிபிக்குச் சாலைதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. உப்பு, எடை, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் பிபி வருகிறது. அவர் பலமாகக் குறட்டை விடுகிறாரா, நடுவே மூச்சு நின்று திணறுகிறாரா என்று கவனியுங்கள். அப்படியென்றால் தூக்க மூச்சுத்தடையைப் பரிசோதிக்க வேண்டும். அதுவும் இரவு பிபியை இதே மாதிரி ஏற்றும். மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். வீட்டில் ஏழு நாள், காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பிபி பார்த்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி எடுங்கள். அது 135/85க்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். 24 மணி நேரக் கருவி கட்டி இரவு பிபியையும் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

சத்தத்தை அளக்கவும் வழி உண்டு. செல்போன் செயலி துல்லியமானது அல்ல, ஆனால் ஒரே போனில் எடுத்தால் ஒப்பிடப் பயன்படும். தலையணை இருக்கும் இடத்தில் வைத்து, இரவு 11, 2, காலை 5 மணிக்குப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சராசரியையும் உச்சத்தையும் குறியுங்கள். படுக்கையறைக்குள் தொடர் சத்தம் 30 டெசிபலுக்குள்ளும், தனித்தனிச் சத்தம் 45க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. டெசிபல் கணக்கு விசித்திரமானது: வண்டிகள் பாதியாகக் குறைந்தால்கூட 3 டெசிபல்தான் இறங்கும். எனவே போக்குவரத்து குறையும் என்று காத்திருக்காமல் படுக்கையறையைச் சரிசெய்யுங்கள்.

காசு செலவாகாத முதல் வேலை: படுக்கையைப் பின்னறைக்கு மாற்றுங்கள். உங்கள் கட்டடமே சுவராக நின்று 10 டெசிபலுக்கு மேல் தடுக்கும். எந்த ஜன்னல் மாற்றத்துக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். மகளின் மேசையும் அங்கேயே போகட்டும். அவள் சொல்வது சாக்கு அல்ல. நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில், ரயில் பக்க வகுப்புகளில் படித்த பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975இல் ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் காட்டினார். பிறகு தண்டவாளத்துக்கு ரப்பரும், வகுப்புக் கூரைக்கு ஒலி உறிஞ்சும் ஓடும் வைத்தபின் அந்த வித்தியாசம் மறைந்தது.

பின்னறை இல்லையென்றால் முன்னறையின் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பத்துக்குப் பத்து அடிச் சுவரில் ஒரு சதுர அடி திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நம் வீடுகளில் அந்த ஒரு சதுர அடி பெரும்பாலும் ஜன்னலுக்கு மேலுள்ள வென்டிலேட்டர்தான். அதற்குக் கண்ணாடி பொருத்தி, ஓரத்தை சிலிக்கான் சீலண்டால் அடைத்துவிடுங்கள். ஜன்னலின் பழைய மரக் கதவுகள் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். அறைக் கதவின் அடி இடைவெளியையும் விடாதீர்கள்.

புது ஜன்னல் போடுவதானால் ஸ்லைடிங் வேண்டாம். அது ஓடுவதற்காக விட்ட இடைவெளி வழியே சத்தமும் நுழையும். வெளியே திறக்கும் யுபிவிசி ஜன்னல், சுற்றிலும் ரப்பர் கேஸ்கெட், இரண்டு மூன்று இடத்தில் பூட்டு, 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி (நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) என்று கேளுங்கள். ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால், இருக்கும் ஜன்னலை விட்டுவிட்டு உள்பக்கம் இன்னொன்று பொருத்தலாம். இரண்டுக்கும் நடுவே சுமார் 100 மி.மீ. காற்று இடைவெளி விடுங்கள். கடைகளில் 'டபுள் கிளாஸ்' என்று விற்கும் 6 மி.மீ. இடைவெளிக் கண்ணாடி லாரி எஞ்சினின் அடிக்குரலை அதிகம் தடுக்காது. முட்டை அட்டை, ஸ்பாஞ்சு, தடித்த திரை எல்லாம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். ஒரு வரிசை நெட்டிலிங்க மரமும் பயன்படாது.

ஜன்னலை அடைத்தால் காற்று வேண்டும். சாதாரண ஏசி அறைக் காற்றையே சுற்றிவிடும். வீட்டின் பின்பக்க ஜன்னலைத் திறந்துவைத்து, காற்று அந்தப் பக்கமிருந்து படுக்கையறைக்கு வரும்படி செய்யுங்கள்.

இவையெல்லாம் முடியும்வரை ஃபோம் இயர் பிளக் உதவும். மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேலே பின்னோக்கி இழுத்து, உள்ளே நுழைத்து, 30 நொடி விரலால் பிடித்திருங்கள். அவசரமாகச் செருகினால் பாதிப் பலன்கூட இருக்காது. அழுக்கானதும் புதிது மாற்றுங்கள். காதில் சீழ் வடிந்தால் போடவே கூடாது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. அந்த இரவு நேரத்தில் அவசரம் தவிர ஹாரனே கூடாது. வரம்பை 10 டெசிபலுக்கு மேல் தாண்டினால் புகார் தரலாம். ஆம்னி பஸ்கள் ஏர் ஹாரன் அடித்தால் நேரத்தையும் பதிவு எண்ணையும் ஒரு வாரம் குறித்து, தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து போக்குவரத்துக் காவல்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள்.