டின்ல வர்ற கொண்டைக்கடலை, டூனா மீன்ல இருக்கிற உப்பைக் குறைக்க வழி இருக்கா?

அப்பாவுக்கு பிபி, ஆனா வேலைக்கு ஓடற அவசரத்துல டின் ஐட்டம்தான் கைகொடுக்குது, அதுல உப்பைக் குறைக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. முழுசா எடுக்க முடியாதுங்க, ஆனா நல்லாவே குறைக்கலாம். நான் ஷார்ஜால இருக்கேன், எங்கம்மாவும் பிபி மாத்திரை போடறவங்கதான், அதனால எங்க வீட்ல செய்யறதையே சொல்றேன்.

கொண்டைக்கடலை, ராஜ்மான்னா அந்த வழவழ தண்ணியை ஒரு சொட்டு விடாம கொட்டிடுங்க. அமெரிக்கால டின் பீன்ஸை வச்சு 2011ல வந்த ஒரு ஆய்வுல தண்ணியை வடிச்சதுக்கே சோடியம் (உப்புல பிபியை ஏத்தறது இதுதான்) 36 சதவீதம் குறைஞ்சிருக்கு, அலசினதும் 41 சதவீதம். நான் வடிகட்டில போட்டு குழாயை நல்லா திறந்துவிட்டு கையால புரட்டிப் புரட்டி அலசுவேன், முதல்ல சோப்பு மாதிரி நுரை வரும், அது நிக்கிற வரைக்கும் விடமாட்டேன், அப்புறம் வெறும் தண்ணியில அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணியையும் கொட்டிடுவேன். கொஞ்சம் சத்து போகும்தான், பிபி இருக்கிற வீட்ல அது பரவாயில்ல.

டூனாவையும் அலசலாம், நிறைய பேருக்கு இது தெரியல! எண்ணெய்ல இல்லாம தண்ணியில வர்ற டின்னா பாத்து வாங்கி, சின்னக் கண்ணு சல்லடையில போட்டு, கரண்டியால உதிர்த்துவிட்டு ரெண்டு மூணு நிமிஷம் தண்ணி ஓடவிட்டு பிழிஞ்சிடுங்க. அப்புறம் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு மிளகு தூக்கலா போட்டு வதக்கி, இறக்கும்போது எலுமிச்சை பிழிங்க. உப்பே போடாதீங்க, மீதி இருக்கிறதே போதும். இவ்ளோ கஷ்டப்பட்டு அலசிட்டு மசாலாவுக்குன்னு ஒரு ஸ்பூன் உப்பு போட்டா என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

உப்பில்லாத டின் வாங்கினா கெட்டுப்போயிடுமோன்னு சிலர் பயப்படறாங்க. டின்ல இருக்கிறது கெடாம இருக்கிறது மூடி சீல் பண்ணி அதிக சூட்டுல வேகவைக்கிறதாலதான், பெரும்பாலும் உப்பு ருசிக்குத்தான், தைரியமா வாங்குங்க. ஆனா "ரெட்யூஸ்டு சோடியம்"னு பெருசா போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க, அமெரிக்க விதிப்படி வழக்கமானதை விட 25 சதவீதம் கம்மியா இருந்தாலே அப்படிப் போடலாம். பின்னாடி திருப்பி சோடியம் எத்தனை மில்லிகிராம்னு பாருங்க, அதை 2.5ஆல பெருக்கினா உப்பு. 400ன்னு இருந்தா 1 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள்ளதான் சொல்லுது, அதுல அப்பா சாப்பிடற சாம்பார், ஊறுகாய் எல்லாம் அடக்கம்.

சாஸோட வர்ற பேக்டு பீன்ஸ், சூப் இதையெல்லாம் அலச வழியில்ல. உருளைக்கிழங்கு போட்டா உப்பை உறிஞ்சிடும்னு சொல்றதை நம்பாதீங்க, அது உப்பைத் தனியா இழுக்காது, குழம்புத் தண்ணியோட சேர்த்துத்தான் குடிக்கும். இந்த மாதிரி சாஸ், சூப் டின்னையெல்லாம் அப்பாவுக்குக் குடுக்காம இருக்கிறதே நல்லது.

இன்னொண்ணு, கடையில "லோ சோடியம் உப்பு"ன்னு விக்கிறதுல பொட்டாசியம் இருக்கும், கிட்னி பிரச்சனை இருந்தாலோ சில பிபி மாத்திரை சாப்பிட்டாலோ அது ஆபத்தாயிடும், தயவுசெஞ்சு டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க.