1861 இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் 52 வயதுப் பெண்ணுக்கு 2 வயது மகன் என்று இருக்கிறது. நம்பலாமா?

அவன் பேரனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே வீட்டில் 20 வயதையொட்டிய, கல்யாணமாகாத மகள் இருக்கிறாளா பாருங்கள். மகள் மணமாகாமல் பெற்ற பிள்ளையைப் பாட்டி தன் பிள்ளையென்று சொல்லி வளர்ப்பது அக்காலத்தில் நடந்ததுதான். வீட்டுக்காரர் நிரப்பிய படிவத்தைக் கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் படியெடுத்தார், அவ்வளவே. யாரும் சான்று கேட்கவில்லை.

அதனால் பிறப்புப் பதிவுக்குப் போங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது 1837 ஜூலையில் தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் அங்கே இருந்தால் அவரே தாய் என்று கொள்ளலாம். அந்த இடம் காலியென்றால் பெரும்பாலும் தகப்பன் பெயர் பதியாத பிறப்பு. காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால் தாய் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் பையனுடைய கல்யாணப் பதிவு. அதில் தகப்பன் கட்டத்தைக் காலியாக விட்டவர்களும் உண்டு, மானத்துக்குப் பயந்து தாத்தா பெயரை எழுதியவர்களும் உண்டு.

1841 கணக்கெடுப்புக்குப் பின்னோக்கிப் போனால் கவனம். அதில் உறவுமுறைக்குக் கட்டமே கிடையாது. 15-க்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள்: 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். ஒரே வீட்டில் 30 வயதில் ஓர் ஆணும் பெண்ணும் இருந்தால் தம்பதி என்று முடிவு கட்டாதீர்கள், அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம்.