பொனற்றுக்குள் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி

கேள்வி: உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு. போன வருடம் பாவித்த ஜப்பான் கார் ஒன்று வாங்கினேன். பொனற்றைத் திறந்தால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்டர்னேற்றரிலும் என்ஜினின் அலுமினிய மூடியிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கடையில் லேபல் இல்லாத போத்தலில் ஒரு மருந்து தந்து, ஊற்றினால் பளிச்சென்று வரும் என்கிறார்கள். அம்மாவோ, குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளியும் உப்பும் போடச் சொல்கிறா. எதைச் செய்ய?

பதில்: இரண்டும் வேண்டாம்.

புளியும் உப்பும் பித்தளைக்குச் சரி. அலுமினியத்துக்கு உப்புத்தான் எதிரி. அலுமினியம் தன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலமொன்றைப் போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. உப்பிலுள்ள குளோரைட் அந்தப் படலத்தைத் துளைக்கிறது. வாடைக்காற்று கொண்டுவந்த உப்பு ஈரத்தோடு படிந்த இடத்தில்தான் அந்த வெள்ளைப் பொடி கிளம்பியிருக்கிறது. அதன்மேல் இன்னும் உப்பைத் தேய்ப்பதா?

லேபல் இல்லாத போத்தலை நானும் ஒருமுறை வாங்கினேன். ஊற்றியதும் பொங்கி நுரைத்தது. கழுவிப் பார்த்தால் அல்டர்னேற்றர் கூடு சிலேற்றுப் பலகை நிறத்துக்குக் கறுத்திருந்தது. கோஸ்டிக் சோடா கலந்தவை அப்படித்தான் செய்யும்; கிறீஸோடு அலுமினியத்தையும் தின்றுவிடும். அதனால் அதன் இரசாயனப் பெயரான சோடியம் ஹைட்ரொக்சைட் என்று எழுதியதையும் வாங்காதீர்கள், ஒன்றுமே எழுதாததையும் வாங்காதீர்கள். அலுமினியத்துக்குப் பாவிக்கலாம் என்று லேபலிலேயே இருக்க வேண்டும். பில்லும் கேட்டு வாங்குங்கள். சில்லு கழுவுகிற அசிட் பக்கமே போகாதீர்கள், அது கையையும் நுரையீரலையும் கெடுக்கும்.

உங்களுக்குத் தேவை கார் ஷாம்பு, பழைய பல் பிரஷ், துணி. அவ்வளவுதான். என்ஜின் நன்றாக ஆறியபிறகு பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். அல்டர்னேற்றரின் காற்றுத் துவாரங்களையும் பியூஸ் பெட்டியையும் என்ஜினுக்குள் காற்று போகும் வாயையும் பொலித்தீனால் கட்டுங்கள். ஷாம்புத் தண்ணீரில் பிரஷை நனைத்து, உதறிவிட்டுத் தேயுங்கள். அல்டர்னேற்றரின் வெளிக்கூட்டை ஈரத் துணியால் துடைத்தால் போதும். பொடி விடாத இடத்தில் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் எடுத்துவிடுங்கள். இரும்புப் பஞ்சு வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பிறஷர் வோஷர் தண்ணீரை வயர் இணைப்புகளுக்குள் ஏற்றிவிடும், அதுவும் வேண்டாம்.

கடைசித் துடைப்புக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் எடுக்காதீர்கள், குழாய்த் தண்ணீர் எடுங்கள். பிறகு பொனற்றைத் திறந்தே வைத்து நன்றாகக் காயவிட்டுத்தான் வயரைப் பூட்ட வேண்டும்.

வார்ப்பு அலுமினியம் கண்ணாடி மாதிரி மினுங்காது, புதிதிலேயே மங்கல் சாம்பல்தான். அதை மினுக்கவென்று காசு செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று: பொடி ரேடியேற்றர் குழாய் பூட்டும் இடத்தைச் சுற்றி மட்டும், பச்சை அல்லது ரோஸ் நிறம் கலந்து கட்டியாக இருந்தால், அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ற் கசிந்து காய்ந்ததாக இருக்கலாம். அதைக் கழுவாமல் அப்படியே கராஜில் காட்டுங்கள். கழுவிவிட்டால் எங்கே கசிகிறது என்று தேடுவது கஷ்டம்.