வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு: கைபேசி, பிரவுசர் கேள்வி பதில்

கேள்வி: கணினியில் குரோம் பிரவுசரைப் பயன்படுத்துகிறேன். சில வாரங்களாகத் திரையின் வலது ஓரத்தில், "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன" என்ற எச்சரிக்கை அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. ஆன்ட்டி வைரஸ் கொண்டு சோதித்தால் ஒன்றும் அகப்படவில்லை. பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: ஆன்ட்டி வைரஸுக்கு ஒன்றும் அகப்படாததற்குக் காரணம், உங்கள் கணினியில் வைரஸ் எதுவும் இல்லாமலிருக்கலாம் என்பதுதான். அந்த எச்சரிக்கையை அனுப்புவது ஏதோ ஓர் இணையதளம். அதற்கு அனுமதி தந்தவர், கோபித்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். "நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அனுமதி என்ற பொத்தானை அழுத்துங்கள்" என்று கேட்கும் பக்கங்கள் ஏராளமாக உலவுகின்றன. உண்மையான ரோபோ சோதனை எதுவும் அறிவிப்பு அனுப்பும் அனுமதியைக் கேட்பதில்லை. அந்தப் பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டால் போதும். அந்தத் தளத்தை மூடிய பிறகும் அதன் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். பிரவுசரை நீக்கும்போது, உலாவல் தரவுகளையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் கட்டத்தைத் தேர்வு செய்யாவிட்டால், பழைய அனுமதிகள் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. மறுபடியும் நிறுவியும் தொல்லை தொடர்ந்தது அதனால்தான்.

குரோமின் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாக உள்ளே செல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். பெயரைப் பார்த்ததும் நினைவுக்கு வராத தளங்கள் அனைத்தையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள். எந்தத் தளமும் இனி அறிவிப்பு அனுமதி கேட்கவே கூடாது என்று தடுக்கும் வசதியும் அதே பக்கத்தில் உள்ளது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரிலும் அது உண்டு. மின்னஞ்சல் போன்ற ஓரிரண்டு தளங்களைத் தவிர மற்றவற்றின் அறிவிப்பு யாருக்கும் தேவைப்படுவதில்லை என்பதால், அந்தத் தடையை இயக்கி வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆண்ட்ராய்டு போனில் இத்தகைய அறிவிப்பு வந்தால், அதன் மீது விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அனுப்புவது எந்தச் செயலி என்பது தெரியும். அங்கேயே நிறுத்தவும் செய்யலாம். ஐபோனில் இந்தத் தொல்லை குறைவு. அதன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின், 2023-இல் வெளியான 16.4 பதிப்பிலிருந்துதான் இணையதளங்கள் அங்கே அறிவிப்பு அனுப்ப முடிகிறது. அதுவும் நாமே முகப்புத் திரையில் சேர்த்துவைத்த தளங்கள் மட்டுமே.

அந்த எச்சரிக்கையைத் தொட்டு, அது காட்டிய மென்பொருள் எதையாவது இறக்கி நிறுவியிருந்தால் மட்டும் கதை வேறு. அதை உடனே நீக்கிவிட்டு, ஆன்ட்டி வைரஸ் சோதனையை முழுமையாக மீண்டும் ஒரு முறை நடத்துங்கள்.

கேள்வி: போனில் இடம் போதவில்லை என்று சுத்தம் செய்யும் செயலி ஒன்றை நிறுவினேன். விளம்பரங்கள்தான் பெருகினவே தவிர இடம் கிடைக்கவில்லை. வேறு நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: வேறு செயலி வேண்டாம், இருப்பதையும் நீக்கிவிடுங்கள். ஒரு செயலி தற்காலிகமாகச் சேமிக்கும் கேஷ் கோப்புகளை மற்றொரு சாதாரணச் செயலி அழிப்பதற்கு ஆண்ட்ராய்டு பொதுவாக உரிமை தருவதில்லை. அவை காட்டும் அசைவுப் படங்களும் பெரிய எண்களும் பெரும்பாலும் வெறும் நாடகம்.

போனின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்றால், எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது தெரியும். பலருக்கும் அங்கே முதலிடத்தில் நிற்பது வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதியில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளும், பல முறை ஃபார்வர்டு செய்யப்பட்டவையும் தனித்தனியாகத் திரட்டி வைக்கப்பட்டிருக்கும். காலை வணக்க வீடியோக்கள் ஒரே இடத்தில் அகப்படும், மொத்தமாக அழித்துவிடலாம்.

ஒவ்வொரு செயலிக்குமான ஸ்டோரேஜ் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் உள்ளன. 'கிளியர் கேஷ்' என்பதை அழுத்தினால் தற்காலிகக் கோப்புகள் மட்டும் போகும். செயலி அவற்றைத் தேவைப்படும்போது மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். 'கிளியர் டேட்டா' என்பது அப்படிப்பட்டதல்ல. செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்கே அது கொண்டுபோய்விடும். லாகின் விவரங்களும், போனில் மட்டும் இருந்த குறிப்புகளும் போய்விடும். குறிப்பெடுக்கும் செயலி ஒன்றில் அவசரத்தில் அந்த இரண்டாவது பொத்தானை அழுத்தி, பல மாதக் குறிப்புகளை இழந்த அனுபவம் எனக்கே உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து படங்களில் இருக்கிறது. கூகுள் போட்டோஸில் பேக்கப் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற தைரியத்தில், அதே செயலியில் படத்தைத் தேர்ந்து அழித்தால், போனிலிருந்து மட்டுமல்லாமல் பேக்கப்பிலிருந்தும் அது நீங்கிவிடும். போனில் இருப்பதை மட்டும் அகற்ற 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற தனி வசதி உள்ளது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். தவறி அழித்துவிட்டால் கலங்க வேண்டாம். பேக்கப் எடுக்கப்பட்ட படங்கள் 60 நாட்கள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும்.

கேள்வி: அலுவலகக் கணினியில், பிரவுசரின் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட உலாவல்) முறையில் பார்த்தால் நான் என்ன பார்க்கிறேன் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியல்ல. இன்காக்னிட்டோ மறைப்பது, அதே கணினியைப் பின்னர் பயன்படுத்துபவரின் கண்ணிலிருந்து மட்டுமே. சன்னல்களை மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியலும், தளங்கள் நம்மை நினைவில் வைக்கச் சேமிக்கும் குக்கிகள் என்ற சிறு கோப்புகளும் அழிந்துவிடும். இறக்கிய கோப்புகளும் புக்மார்க்குகளும் அப்படியே இருக்கும். அலுவலக நெட்வொர்க்கை நிர்வகிப்பவரும், இணைய இணைப்பு தரும் நிறுவனமும் நீங்கள் எந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்பதை அறிய முடியும். இதுபற்றிய தவறான நம்பிக்கை உங்கள் நண்பருக்கு மட்டும் உரியதன்று. இம்முறையிலும் பயனர்கள் கண்காணிக்கப்பட்டதாகக் கூறி 2020-இல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், சேகரித்த தரவுகளை அழிப்பதற்கு கூகுள் 2024-இல் சமரசமாக ஒப்புக்கொண்டது.

ஆயினும் இது வேறு விதங்களில் கைகொடுக்கும். ஒரே தளத்தில் இரண்டு கணக்குகளை ஒரே நேரத்தில் திறக்கலாம். ஒரு தளம் சரியாக இயங்காதபோது அதையே இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயல்பாக இயங்குவதில்லை என்பதால், தளம் அங்கு ஒழுங்காகத் திறந்தால், பழைய குக்கியோ ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷனோதான் இடையூறு செய்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிரவுசரில் படித்துக்கொண்டிருந்த டேப்பை (பக்கத்தை) தவறுதலாக மூடிவிட்டால் மீட்க முடியுமா?

பதில்: முடியும். கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இது செயல்படும். மேக் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். திரும்பத் திரும்ப அழுத்தினால், மூடிய டேப்கள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பும். இன்காக்னிட்டோவில் மூடியவற்றை மட்டும் சன்னலை மூடிய பிறகு மீட்க இயலாது.

கேள்வி: படம் காட்டுவதற்காகப் போனை ஒருவரிடம் கொடுத்தால், அவர் மற்றவற்றையும் துழாவுகிறார். தடுக்க வழியுண்டா?

பதில்: கேலரிக்குப் பூட்டுப்போடும் செயலியைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதலே, ஒரு செயலியை மட்டும் திரையில் நிறுத்திவைக்கும் 'பின்னிங்' வசதி இருக்கிறது. செட்டிங்ஸின் பாதுகாப்புப் பகுதியில் அதை இயக்கி, விலக்கும்போது பின் எண் கேட்க வேண்டும் என்பதையும் தேர்வு செய்துகொள்ளுங்கள். ஐபோனில் அக்ஸசிபிலிட்டி பகுதியில் 'கைடட் அக்ஸஸ்' என்ற பெயரில் இதே வசதி உள்ளது. படத்தொகுப்பையே நிறுத்தி வைத்தால் அதற்குள் இருக்கும் மற்றப் படங்களைப் புரட்டுவதைத் தடுக்க முடியாது. ஐபோனில் மட்டும், தொடுதலையே முடக்கிவிட்டு ஒரே படத்தை நிறுத்திக் காட்டலாம்.