கேளுங்கள், சொல்கிறேன்: கூட வேலை பார்ப்பவர் மேல் புகார் சொல்லலாமா?

(பதில் சொல்பவர்: மதுரையில் அரசு மருத்துவமனைச் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: அம்மா, மேலூர் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். என்னோடு இருக்கிற அக்காதான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அங்கே மறதி நோய் வந்த பாட்டி ஒருத்தர் நடுராத்திரியில் எழுந்து "வீட்டுக்குப் போகணும்" என்று நடப்பார். அக்கா அவர் கையைப் பழைய சேலைத் துணியால் கட்டில் கம்பியில் கட்டிவிடுகிறார். டாக்டர் எழுதியதற்கு மேல் ஒரு தூக்க மாத்திரை சேர்த்துக் கொடுத்ததையும் பார்த்தேன். போன வாரம் பாட்டியின் மேற்கையில், உள்பக்கம் நீலம் பாரித்திருந்தது. கேட்டால், "வயசானா அப்படித்தான், உன் சோலியப் பாரு" என்கிறார். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? சோறு போட்டவருக்கே துரோகம் பண்ணின மாதிரி ஆகாதா? வேலை போனால் என்ன செய்வது?

- பெயர் வேண்டாம், மேலூர் வட்டாரம்

பதில்: சொல்லித்தான் ஆக வேண்டும் தாயி. கட்டினதைக் கண்ணால் பார்த்திருக்கிறாய், மாத்திரையையும் பார்த்திருக்கிறாய். இதற்கு மேல் உறுதி தேடி நீ அலைய வேண்டியதில்லை. விசாரிப்பது மற்றவர்கள் வேலை.

நீலத்தைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேசுவோம், ஏனென்றால் அங்கேதான் அக்கா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வயதானவர்களுக்குத் தோல் மெலிந்துவிடும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் புறங்கையிலும் முன்கையிலும் லேசாகத் தட்டினாலே ஊதா நிறத்தில் திட்டு விழும். அதைப் பார்த்து யாரையும் சந்தேகப்படக் கூடாது. ஆனால் மேற்கையின் உள்பக்கம் மேசையிலும் கதவிலும் இடிபடுகிற இடமில்லை. விரல் பதிந்த மாதிரி வரிசையாக இருந்தால், இரண்டு மணிக்கட்டிலும் தடம் இருந்தால், யாரோ இறுக்கிப் பிடித்தார்களா, கட்டினார்களா என்று கேட்கத்தான் வேண்டும். தூக்கி உட்கார வைக்கும்போது கக்கத்துப் பக்கம் பிடித்ததாலும் வந்திருக்கலாம். அதனால் "அக்கா அடித்தார்" என்று எழுதாதே. நீலம் எங்கே இருந்தது, எத்தனை பெரிது, எப்போது பார்த்தாய், அக்கா என்ன சொன்னார் என்பதை எழுது.

பார்த்த ராத்திரியிலேயே எழுதிவிடு. "பாட்டியைக் கொடுமைப்படுத்துகிறார்" என்றால் அது உன் அபிப்பிராயம். "ராத்திரி 11.20. வலது மணிக்கட்டு, சேலைத் துணி, கட்டில் கம்பி. காலை 5 மணிக்கு அவிழ்த்தது" என்றால் யாரும் அதைத் தள்ள முடியாது. பாட்டி ஏதாவது சொல்லியிருந்தால் அவர் வார்த்தையிலேயே எழுது. மறதி நோய்க்காரர் பேச்சுதானே என்று விட்டுவிடாதே. நேற்றைக்குச் சாப்பிட்டதை மறந்தாலும் கை வலிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மாத்திரைக் கணக்கு எழுதுகிற நோட்டில் மட்டும் கை வைக்காதே. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வேலையும் வேண்டாம். பாட்டியின் மானம் போகும், பழி உன் மேல் திரும்பும்.

கட்டிப் போடுவதால் என்ன ஆகும் என்று அக்காவுக்கும் தெரியாமல் இருக்காது. ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப் புண், திமிறினால் தோல் கிழியும். கூடுதல் தூக்க மாத்திரை கொடுத்தால் விடியற்காலையில் தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறியும், அரைத் தூக்கத்தில் ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகும். நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடி மனநல இல்லம் ஒன்று எரிந்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

இதைச் சொல்லும்போதே அக்காவை நினைத்தும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு மாடி முழுக்க இரண்டு பெண்களை விட்டுவிட்டு, காலையில் வந்து "ஏன் கட்டினீங்க" என்று கேட்கிற நிர்வாகங்களை நிறையப் பார்த்தவள் நான். உன் ஷிஃப்ட்டில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்பதையும் புகாரில் எழுது. பாட்டி ஏன் எழுந்து நடக்கிறார் என்று டாக்டர் பார்த்தாரா என்றும் கேள். சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், வலி, பசி, இதில் எது இருந்தாலும் ராத்திரி அலைச்சல் கூடும். கொஞ்ச தூரம் கையைப் பிடித்து நடக்க வைத்து, சூடாகப் பால் கொடுத்தால் பல பேர் தாமாகவே வந்து படுத்துக்கொள்வார்கள்.

அக்காவிடம் முதலில் பேசிப் பார்க்கலாமா என்று தோன்றும். வேண்டாம். நீ இல்லாத ராத்திரியில் பாட்டி அவரிடம்தான் தனியாக இருப்பார். நேரே பொறுப்பு நர்ஸிடமோ மேலாளரிடமோ எழுத்தில் கொடு, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கு. போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். அவர்கள் மூடி மறைத்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணுக்குப் பேசு, மாவட்ட சமூக நல அலுவலரிடம் மனு கொடு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். போலீஸுக்குப் போனால், புகார் வாங்கிக்கொண்டதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதே. இன்றைக்கு ராத்திரியே கட்டியிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காதே. நீயே அவிழ்த்துவிட்டு, மேலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பு.

வேலை போகாது என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. தனியார் இல்லத்தில் பாதிப் பேருக்கு வேலைக்குச் சேர்ந்த கடிதம்கூட இருப்பதில்லை. சம்பளம் வந்ததற்கான அத்தாட்சியையும் ஷிஃப்ட் அட்டவணையையும் வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடு. அக்காவுக்கு நீ பட்ட கடனை உன் கையால் எப்படி வேண்டுமானாலும் தீர்த்துக்கொள். பாட்டி கையால் தீர்க்காதே.

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் சிறப்புப் பள்ளி விடுதியில் வார்டனாக இருக்கிறேன். ஒரு பணியாளர் தன்னைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டதாக ஒரு பையன் சைகையில் காட்டினான். தாளாளர், "நாமே விசாரிப்போம், வெளியே போனால் பள்ளிக்கூடம் பேர் கெட்டுவிடும்" என்கிறார்.

- வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, இதில் உங்களுக்கும் தாளாளருக்கும் யோசிக்க இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. தன் கீழே வேலை பார்ப்பவர் விஷயத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 வருடம் வரை. நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. தாளாளரிடம் இதை எடுத்துக் காட்டுங்கள், ஆனால் அவர் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பேசுங்கள்.

பையனை உட்கார வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவன் காட்டிய சைகையை அப்படியே எழுதுங்கள். மிச்சத்தைப் பயிற்சி பெற்றவர்கள் கேட்பார்கள், சைகை மொழி தெரிந்தவரை அவர்கள் வரவழைக்க வேண்டும். பெற்றோருக்கு இன்றே தகவல் போகட்டும். அந்தப் பணியாளருக்கு இன்று ராத்திரி விடுதியில் டியூட்டி இருக்கிறதா என்று இப்போதே அட்டவணையைப் பாருங்கள்.